முகமே முதற்பாடம்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் குழந்தைகள் பிரிவின் வெளிநோயாளர் கூடத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் முதற்பேருந்தில் வரும் தாய்மார்கள், கம்பளியின் மேல் கம்பளியாகச் சுற்றிய கைக்குழந்தைகளை மடியில் ஏந்திக் காத்திருப்பார்கள். சளி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் நாள் தவறாமல் விவரம் சொல்வார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, குரல் கேட்டுத் திரும்புகிறதா என்று கேட்டால் மட்டும் சிறிது தயங்குவார்கள். உடன் வந்த பாட்டி குறுக்கிட்டு, "பச்ச மண்ணு, அதுக்கு என்னங்கய்யா தெரியும்?" என்பார்.

அன்போடு சொல்லப்படும் சொல் அது. அதனைக் குறைகூற நாங்கள் முற்படவில்லை. ஆயினும், பச்சிளங்குழந்தைக்கு என்ன தெரியும் என்னும் அதே கேள்வியைக் கடந்த பல பத்தாண்டுகளாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் மெய்யாகவே கேட்டுப் பார்த்திருக்கின்றன. கிடைத்த விடைகள் பாட்டிமார்களையும் மருத்துவர்களையும் ஒருங்கே வியப்பில் ஆழ்த்துபவை. அவற்றுள் நம் மலைக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இவ்விதழில் எடுத்துரைக்கிறோம். வியப்பூட்டுவது மட்டும் எங்கள் நோக்கமன்று. உரிய காலத்தில் கவனித்திருந்தால் பெரிதும் பயன் பெற்றிருக்கக்கூடிய குழந்தைகள் சிலர் காலந்தாழ்ந்து எங்களிடம் வருகின்றனர். அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

கருவறையில் கேட்ட குரல்

குழந்தையின் கல்வி பிறந்த பின்பு தொடங்குவதில்லை. கருவுற்ற ஆறாம் மாதத்தின் இறுதிக்குள் சிசுவின் செவி ஒலிகளை உணரத் தொடங்கிவிடுகிறது. தாயின் இதயத் துடிப்பும் அவள் பேச்சின் ஏற்ற இறக்கமும் அதற்கு எட்டுகின்றன. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் ஆகிய இருவரும் பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தினர். குழந்தையின் வாயில் ஒரு ரப்பர்க் காம்பு வைக்கப்பட்டது. ஒரு விதமான இடைவெளி விட்டு உறிஞ்சினால் தன் தாயின் குரல் ஒலிக்கும். வேறு விதமாக உறிஞ்சினால் மற்றொரு பெண்ணின் குரல் ஒலிக்கும். குழந்தைகள் விரைவிலேயே தாயின் குரல் வரும் வகையில் தம் உறிஞ்சுதலை மாற்றிக்கொண்டன. பேசத் தெரியாத, தலை நிற்காத உயிர் ஒன்று தனக்கு வேண்டிய குரலைத் தானே தேடிக்கொண்டது.

பார்வை அந்த அளவுக்கு முதிர்ந்திருப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் முதல் ஒன்றேகால் சாண் தொலைவுக்குள், அதாவது ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவும் ஏறத்தாழ அதுவே. எதிர்ச்சுவரில் தொங்கும் வண்ணப் பொம்மை அதற்கு வெறும் மங்கல். தாயின் முகமோ முழு உலகம்.

இங்கே நம் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. ஏழாயிரம் அடி உயரத்தில் குழந்தையைப் போர்த்தாமல் வைத்திருக்க முடியாது. தலையையும் காதையும் மூடுங்கள். முகத்தை மட்டும் திறந்து வையுங்கள். கால்களை நீட்டி இறுக்கிக் கட்ட வேண்டாம். அது இடுப்பு மூட்டுக்குக் கேடு. வெயில் வரும் நண்பகல் வேளையில் கைகளையாவது சற்றுநேரம் விடுவித்து வைத்தால், குழந்தை தன் கையைத் தானே கண்டுபிடிக்கும். வெதுவெதுப்புக்காக விறகடுப்பின் அருகில் கிடத்தும் வழக்கத்தைப் பற்றி இவ்விதழில் முன்பே எழுதியிருக்கிறோம். புகையால் வரும் மூச்சிரைப்பே எங்கள் கூடத்தில் பாதி இடத்தை நிரப்புகிறது.

பழனியாண்டவரின் பருவங்கள்

மேலைநாட்டு ஆய்வுகளைச் சொல்லும்போது, குழந்தையை உற்று நோக்கும் கலை அங்கிருந்துதான் நமக்கு வந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் மலையடிவாரத்தில் கோயில் கொண்டிருக்கும் முருகனையும், மதுரை மீனாட்சியையும், அரசர்களையும் குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை தமிழில் உண்டு. கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். இவ்வகை நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றன. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் என்பது பாட்டியல் நூல்களில் காணப்படும் கணக்கு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு.

மருத்துவர் கண்ணோடு இந்தப் பட்டியலைப் படித்தால் வியப்பே மிஞ்சும். ஐந்தாம் மாதம் செங்கீரை. இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். கவிழ்ந்து படுத்த குழந்தை கைகளை ஊன்றித் தலையை உயர்த்துகிறதா என்று இன்று நாங்கள் சோதிப்பதும் அந்த வயதையொட்டியே. அடுத்தது தால். தால் என்பது நாக்கு. நாவசைத்து ஒலியெழுப்பும் பருவம் என்றும், தாலாட்டுக் கேட்கும் பருவம் என்றும் பொருள் கொள்வர். குழந்தை 'பா, பா, மா, மா' என்று அசைகளைத் தொடுக்கத் தொடங்குவதும் ஏழாம் மாதத்தை ஒட்டித்தான். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கைகொட்டுதல். கைகொட்டுவது எளிய செயலாகத் தோன்றலாம். இரண்டு கைகளும் ஒன்றையொன்று நாடிச் சேர வேண்டும். எதிரே இருப்பவர் செய்வதைப் பார்த்து, அதனைத் தன் உடலால் திருப்பிச் செய்ய வேண்டும். பதின்மூன்றாம் மாதம் வருகை. தளர்நடையிட்டு வரும் குழந்தையை 'வா' என்று அழைக்கும் பருவம்.

இவற்றுள் எங்களை மிகவும் கவர்வது அம்புலிப் பருவம். ஒரு வயதைக் கடந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாய் நிலவைக் காட்டி விளையாட அழைக்கிறாள். தாய் காட்டும் விரலைப் பார்க்காமல், விரல் சுட்டும் திசையில் நிலவைப் பார்ப்பது ஓர் அறிவுப் பாய்ச்சல். 'நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன். நாம் இருவரும் ஒன்றைப் பார்க்கிறோம் என்பது எனக்குத் தெரியும்' என்னும் உணர்வு அதில் அடங்கியுள்ளது. ஒன்பது மாதம் முதல் பதினான்கு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் இது வெளிப்படத் தொடங்குகிறது. சில காலத்துக்குப் பின் குழந்தை தானே விரல் நீட்டிப் பொருள்களைக் காட்டும். சொற்கள் வந்து அமர்வதற்கு இந்த விரலே வழி திறக்கிறது. சுட்டிய பொருளின் பெயரைத் தாய் சொல்கிறாள். பெயரும் பொருளும் குழந்தையின் மனத்தில் ஒன்றாகப் பதிகின்றன. மூடுபனி சூழ்ந்த கார்த்திகை இரவுகளில் நம் கோடைக்கானல் குழந்தைகளுக்கு நிலவு கிடைப்பதில்லை என்பது உண்மைதான். தெருவிளக்கும் வேலியில் அமர்ந்த குருவியும் போதும்.

எட்டு மாதக் குழந்தையின் காது

ஒலிகளை அறிவதில் குழந்தை நம்மைவிட வல்லது என்றால் நம்புவீர்களா? 1984-இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்தியர்களாகிய நமக்கு நெருக்கமானது. இந்தி மொழியிலுள்ள 'த', 'ட' என்னும் இரண்டு ஒலிகளையும் ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்களால் பிரித்துக் கேட்க இயலவில்லை. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ எளிதாகப் பிரித்தறிந்தன. அதே வீட்டுக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்த ஆற்றலைப் பெரும்பாலும் இழந்திருந்தன. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்து நின்றது.

இதன் பொருள் என்ன? தொடக்கத்தில் குழந்தையின் காது உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் வரவேற்கும் நிலையில் உள்ளது. வீட்டில் பேசப்படும் மொழியைக் கேட்கக் கேட்க, அந்த மொழிக்கு வேண்டிய ஒலிகளைக் கூர்மையாக்கிக்கொண்டு, வேண்டாதவற்றை அது விட்டுவிடுகிறது. 'மழை', 'மலை', 'வாழை', 'வாளை' என்னும் சொற்களின் வேறுபாட்டைப் பெரியவர்கள் பேசும்போது காதால் அள்ளிக்கொள்வது இந்த வயதில்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் லகர, ளகர, ழகரம் கற்பிப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான நிலம் பண்படுத்தப்பட்டுவிடுகிறது. குழந்தைக்கு விளங்காது என்று கருதி அதனிடம் பேசாமல் இருப்பவர்கள், விதைக்கும் பருவத்தில் நிலத்தைத் தரிசாக விடுகிறார்கள்.

மறைந்த பொருள் எங்கே போயிற்று?

சுவிட்சர்லாந்தின் அறிஞர் ஜீன் பியாஜே தம்முடைய மூன்று குழந்தைகளையே நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதியவர். நம் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்களே, அவ்வகைப் பொறுமை அவருடையது. கண்ணெதிரே ஒரு பொம்மையைத் துணியால் மூடினால், எட்டு மாதம் வரை குழந்தை அதனைத் தேடுவதில்லை என்று அவர் கண்டார். பார்வையிலிருந்து மறைந்தது இல்லாமலே போய்விட்டதாகக் குழந்தை கருதுகிறது என்பது அவர் முடிவு. 1980-களில் ரெனே பேயார்ஜோன் முதலியோர் தேடும் கையை விட்டுவிட்டுப் பார்க்கும் கண்ணை அளந்தனர். திரைக்குப் பின்னே இருக்கும் பெட்டியைத் திரை ஊடுருவிச் செல்வதுபோன்ற நடக்க முடியாத காட்சியை நான்கைந்து மாதக் குழந்தைகள் நெடுநேரம் உற்று நோக்கின. மறைந்த பொருள் அங்கேதான் இருக்கிறது என்று அவை ஏதோ ஒரு வகையில் அறிந்திருந்தன என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. அறிஞர்களிடையே இதுபற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நம் வீடுகளில் முந்தானையால் முகத்தை மறைத்து, 'காணோமே' என்று சொல்லி, பிறகு வெளிப்பட்டுச் சிரிக்கவைக்கும் விளையாட்டு இந்த விவாதத்துக்கு மிகவும் மூத்தது. அதனைத் தவறாமல் விளையாடுங்கள்.

பள்ளத்தின் ஓரத்தில்

கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்த எவருக்கும் அடிவயிற்றில் ஒரு கூச்சம் தோன்றியிருக்கும். 1872-இல் அமைக்கப்பட்ட அந்தப் பாதையின் ஒருபுறம் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய ஆழம். பள்ளம் என்பது குழந்தைக்குத் தெரியுமா? இக்கேள்வியை 1960-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஆராய்ந்தனர். கனத்த கண்ணாடித் தளம் ஒன்றை அமைத்து, அதன் ஒரு பாதிக்கு அடியில் கட்டம் போட்ட துணியை ஒட்டி வைத்தனர். மறுபாதியில் அதே துணியைத் தாழ்வாகத் தரையில் விரித்தனர். பார்வைக்கு அது ஒரு பள்ளம், தொட்டால் கண்ணாடி. ஆறு முதல் பதினான்கு மாதம் வரையிலான 36 குழந்தைகளை நடுப்பலகையில் விட்டு, தாய்மார்களை இருபுறமும் மாறி மாறி நின்று அழைக்கச் சொன்னார்கள். 27 குழந்தைகள் பலகையை விட்டு நகர்ந்தன. அவற்றுள் பள்ளத்தின் மேல் தவழ்ந்தவை மூன்றே.

இத்துடன் நிறுத்திவிட்டால் 'குழந்தைக்குப் பள்ளம் தெரியும்' என்று நிம்மதியாக இருந்துவிடலாம். மலைவாழ் மக்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி அதற்குப் பின்னரே வருகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த கேரன் அடால்ஃப் சரிவான பலகைகளைக் கொண்டு குழந்தைகளைப் பல மாதங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். புதிதாகத் தவழத் தொடங்கிய குழந்தைகள் செங்குத்தான சரிவிலும் தயங்காமல் இறங்கி உருண்டன. ஆய்வாளர் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். வாரக்கணக்கில் தவழ்ந்து பழகிய பின்னரே எந்தச் சரிவு தமக்கு ஆகாது என்பதை அவை கற்றன. அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் கற்றதெல்லாம் மறந்தவைபோல் அதே சரிவில் மீண்டும் கால் வைத்து விழுந்தன. தவழும் உடலுக்குத் தெரிந்த அபாயம் நடக்கும் உடலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலையிலும் அறிவை மீண்டும் முதலிலிருந்து ஈட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே, படிக்கட்டு விளிம்புகளும் வாசல் தாழ்வாரங்களும் தோட்டத்து வரப்புகளும் நிறைந்த நம் வீடுகளில், "ஏழு மாசத்திலேயே படி பார்த்து நிற்கும், ஒண்ணும் ஆகாது" என்னும் பேச்சை நம்ப வேண்டாம். நடக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களே மிகுந்த கவனத்துக்கு உரியவை. அதே அடால்ஃப் குழுவினர் கணக்கிட்டபடி, ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தை தன் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறது. 17 முறை விழுகிறது. சமதரையில் விழுந்து எழுவது கல்வி. மலைச்சரிவில் அவ்வாறு விட முடியாது. படிக்கட்டின் மேலும் கீழும் ஒரு தடுப்புப் பலகை வைத்தால் போதும். தச்சருக்கு அரை நாள் வேலை.

இதே கண்ணாடித் தளத்தை வைத்து 1985-இல் வெளியான மற்றோர் ஆய்வைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இம்முறை பள்ளம் ஏறத்தாழ ஓரடி ஆழம். அஞ்சவும் வேண்டும், அஞ்சாமலும் இருக்கலாம் என்னும் அளவு. ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்பு வரை வந்து நின்று, எதிரே நிற்கும் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தன. தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தளத்தைக் கடந்தன. தாய் அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. தாய்மார்கள் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை, முகமே பேசியது.

ஊசி போடும் அறையில் இதனை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஊசியைக் கண்டதும் குழந்தை பார்ப்பது ஊசியை அன்று, தாயை. தாய் கண்களை இறுக மூடிக்கொண்டால் மருந்து ஏறும் முன்பே அழுகை எழுந்துவிடும். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் செவிலியர் சிலரே தம் பிள்ளைக்கு ஊசி போடும்போது வெளியே சென்று நின்றுகொள்வார்கள்.

அசையாத முகம்

1978-இல் எட்வர்ட் ட்ரானிக் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு எளியது. தாய் சற்றுநேரம் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு ஓரிரு நிமிடங்கள், குழந்தையைப் பார்த்தபடியே முகத்தை எவ்வித உணர்ச்சியும் இன்றிக் கல்லாக வைத்துக்கொள்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கைகளை நீட்டுகிறது. தாயிடமிருந்து எதுவும் திரும்பி வராததைக் கண்டு, இறுதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகிறது. ஆய்வுக்கூடத்தில் அது ஓரிரு நிமிடம். பிறகு தாய் அள்ளிக் கொஞ்சினாள்.

கைப்பேசித் திரையை நோக்கிக் குனிந்த முகமும் குழந்தைக்கு அசையாத முகமே. குழந்தையின் கையிலேயே கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் அதிலிருந்து அது மொழி கற்றுக்கொள்ளாதா என்று தந்தையர் சிலர் கேட்கின்றனர். இதற்கும் விடை உண்டு. 2003-இல் பட்ரீசியா குல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் அமர்ந்து விளையாடினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கற்றன. அதே ஆள்கள், அதே பேச்சு, தொலைக்காட்சி வழியாகக் காட்டப்பட்ட குழந்தைகளோ ஒன்றும் கற்கவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. எங்களையும் இதில் குற்றமற்றவர்கள் என்று சொல்ல இயலாது. நெபுலைசர் முகமூடியைப் பொருத்தும்போது அழும் குழந்தைக்கு எங்கள் பிரிவிலேயே கைப்பேசியில் படம் காட்டியதுண்டு. இப்போது கிலுகிலுப்பையும் பாட்டும் மட்டுமே வழங்குகிறோம். வேலை சற்று நீள்கிறது.

வாயில் அடைபட்ட குழந்தைகள்

இதுவரை கூறியவை யாவும் கண்ணும் செவியும் செவ்வனே இயங்கும் குழந்தைகளைப் பற்றியவை. அந்த இரண்டு வாயில்களில் ஒன்று பிறப்பிலேயே அடைபட்டிருந்தால்?

1688-இல் வில்லியம் மோலினோ என்னும் அயர்லாந்து அறிஞர், ஜான் லாக் என்னும் தத்துவ அறிஞருக்கு ஒரு கேள்வி எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறிவார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த அளவிலேயே எது எதுவென்று சொல்வாரா? இக்கேள்விக்கு நம் நாட்டுக் குழந்தைகளின் வாயிலாகவே விடை கிடைத்தது. அமெரிக்காவில் பணியாற்றும் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வை இழந்திருந்த இந்தியச் சிறார்களுக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. எட்டு முதல் பதினேழு வயது வரையிலான ஐவரைச் சோதித்த முடிவு 2011-இல் வெளியாயிற்று. கட்டு அவிழ்த்தவுடன், தொட்டறிந்த பொருளைப் பார்வையால் அவர்களால் இனங்காண இயலவில்லை. சில நாள்களிலேயே கற்றுக்கொண்டனர். காண்பது கண்ணின் வேலை மட்டும் அன்று. கண்டு பழக வேண்டும். அந்தச் சிறார் பெற்ற பார்வை அவர்கள் வாழ்வை மாற்றியது. எனினும் கைக்குழந்தைப் பருவத்தில் திறக்க வேண்டிய கதவு காலந்தாழ்ந்து திறந்ததால், கூர்மையான பார்வை முழுமையாகக் கிட்டுவதில்லை. பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களுக்குள் கண்டறிந்து நீக்குவதே நலம். குழந்தையின் கருமணியின் நடுவே வெண்மை தெரிந்தாலோ, ஒளிப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, மூன்று மாதமாகியும் முகத்தைப் பின்தொடர்ந்து கண் நகராவிட்டாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இராதீர்கள். 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது.

கண் குறை ஒருவாறு வெளியே தெரிந்துவிடும். செவிக் குறைதான் ஒளிந்துகொள்கிறது. மேல்மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையை எங்களால் மறக்க இயலாது. இருபது மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை. "இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று குடும்பத்தார் பொறுத்திருந்தனர். பாட்டி மட்டும் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். ஐந்தாம் மாதத்திலேயே குக்கர் விசில் அடித்தாலும் நாய் குரைத்தாலும் தூளியில் அசையாமல் உறங்குமாம். "நல்ல புள்ள, தொந்தரவே இல்ல" என்று ஊரே மெச்சியதாம். சோதித்ததில் இரு செவிகளிலும் கடுமையான குறைபாடு தெரிந்தது. அதற்கு முன் அதே குழந்தையை மூச்சிரைப்புக்காக நான்கு முறை நாங்களே பார்த்திருக்கிறோம். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டோம். அதன் காதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செவிக்கருவியும் பேச்சுப் பயிற்சியும் பெற்று அக்குழந்தை இன்று பேசுகிறது. இழந்த முதல் ஒன்றரை ஆண்டு அதன் பேச்சில் இன்னமும் தெரிகிறது.

செவிக் குறையுள்ள குழந்தையும் முதல் மாதங்களில் சிரிக்கும், குரலெழுப்பும். ஆகவே பெற்றோர் ஏமாறுவது இயல்பு. எதிரே நின்று தட்டைத் தட்டிப் பார்த்து, "காது நல்லாத்தான் கேட்குது" என்று பலர் அமைதியடைகின்றனர். குழந்தை கையசைவைக் கண்டிருக்கலாம், நிழலைக் கண்டிருக்கலாம், அதிர்வை உணர்ந்திருக்கலாம். மருத்துவமனையில் குழந்தை உறங்கும்போதே காதில் சிறு முனையை வைத்துச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை சில நிமிடங்களில் முடியும், வலி இல்லை. ஐயமிருந்தால் பெரா சோதனை செய்யப்படும். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகளுக்கும், பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவற்றுக்கும், கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவற்றுக்கும் இச்சோதனை மிக இன்றியமையாதது. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா நோய் குழந்தையின் கண், செவி இரண்டையுமே தாக்கக்கூடியது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் நடந்த தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின் நோக்கங்களுள் ஒன்று அதனைத் தடுப்பதே.

செலவை எண்ணி அஞ்ச வேண்டாம். 2013 முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை இத்தகைய குறைகளுக்குப் பரிசோதனையும் மேற்சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. செவிக்கருவி போதாத குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்பு அறுவைச் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வழிகாட்ட எங்கள் சமூகப் பணியாளர்கள் இருக்கின்றனர்.

இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஆறு மாதத்தில் ஒலி வந்த திசைக்குத் திரும்பாத குழந்தை, ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் பாராத குழந்தை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இருப்பதாலேயே நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதங்களை எண்ணுங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகளுக்கும் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கும் எப்படியும் மலையிறங்கியோ மலையேறியோ வருவீர்கள். அந்நாள்களில் இக்கேள்விகளை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் பாட்டியாக இருந்தால் அவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவரை வெளியே பெஞ்சில் அமர்த்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே வர வேண்டாம். உள்ளே அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.